பாடத்திலே கடல் உண்டு. கடலிலே பாடம் இல்லை!

தூத்துக்குடிக்கு வடக்கே கடலைப் பார்த்து நிற்கும் ஊர் தருவைகுளம். வழிவலை ஏற்றிக்கொண்டு நாள் கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கும் உழைப்பாளிகளின் ஊர். 2023 அக்டோபரிலே, இந்த ஊர்ப் படகொன்றிலே சென்ற 12 மீனவர்களை மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்து வைத்தது. 2024 ஆகஸ்டிலே, இந்த ஊர்ப் படகுகள் இரண்டிலே சென்ற 22 மீனவர்களை இலங்கைக் கடற்படை சிறைப்பிடித்தது. எல்லை எங்கே, ஆழம் எங்கே, ஆபத்து எங்கே என்று ஒவ்வொரு நாளும் உயிரை வைத்துக் கணக்குப் போடும் மக்கள் இவர்கள்.

அந்த மக்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மகிழ்ச்சி! பெருமகிழ்ச்சி! அந்தக் காட்சியைக் காணத்தானே நமது இயக்கம் ஊர் ஊராக அலைந்தது. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறோம், தோழர்களே! அலையோசை காதிலே விழும் தூரத்திலே பள்ளி இருக்கிறது. அந்தப் பள்ளியிலே கடல் எங்கே இருக்கிறது?

புத்தகத்திலே இருக்கிறது! பவளப்பாறையின் படம் இருக்கிறது, வண்ணத்திலே இருக்கிறது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது; அதிலே உள்ள தீவுகள் 21 என்று படித்து, 21 என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த 21 தீவுகளிலே 2 தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. ஒன்று கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி. மற்றொன்று, இந்தத் தூத்துக்குடிக் கரைக்கு எதிரே இருந்த விலாங்குசல்லி. எஞ்சியவற்றிலே காரியாச்சல்லித் தீவு 1969-இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது. இன்று அதிலே சிறு திட்டுதான் மிச்சம். பிள்ளையின் பாட்டனுக்கு இது தெரியும், தகப்பனுக்குத் தெரியும். படகிலே போகும்போது கண்ணாலே பார்த்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்திலே 21 என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் கொடுக்கிறோம். கரையிலே நின்று இரண்டு தீவு காணாமற்போன கதையைக் கேட்க அந்தப் பிள்ளைக்கு நாம் ஒரு மணி நேரமும் கொடுப்பதில்லை!

பாடத்திலே கடல் உண்டு. கடலிலே பாடம் இல்லை. இதை மாற்ற வேண்டும் என்கிறோம். மாதத்திற்கு ஒரு நாளாவது வகுப்பு வெளியே வர வேண்டும். கடற்கரைக்கும், உப்பளத்துக்கும், கண்மாய்க்கும், பனங்காட்டுக்கும் வர வேண்டும். ஆசிரியர் உடன் வர வேண்டும். வருகைப் பதிவேடும் வர வேண்டும். அது விடுமுறை உல்லாசமாக இராமல் பாடமாக இருக்க வேண்டும்.

“இதென்ன புதுப் பைத்தியம்? பிள்ளைகளைப் படிக்க விடாமல் மண்ணிலே விளையாட விடுவதா?” என்று கேட்பார் சிலர். யார் கேட்கிறார்கள் என்று உற்றுப் பாருங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பெருங்கட்டணப் பள்ளிகளிலே, கோடை வந்தால் ‘இயற்கை முகாம்’, மலைக்குப் பயணம், கழுத்திலே தொலைநோக்கி, கையிலே பறவைப் புத்தகம். அதற்குத் தனிக் கட்டணம். அதைச் சொல்லிக்கொள்வதிலே ஒரு பெருமிதம். காட்டைக் காண்பது செல்வன் பிள்ளைக்குக் கல்வியாம்! கடலைக் காண்பது மீனவன் பிள்ளைக்கு ஊர்சுற்றலாம்! ஒரே செயல், ஒருவனுக்கு அறிவு, மற்றவனுக்கு அவப்பெயர். இந்த இரட்டை அளவுகோலை நாம் வேறு பல இடங்களிலும் கண்டிருக்கிறோம். கண்ட இடத்திலெல்லாம் எதிர்த்திருக்கிறோம்.

ஆனால் மற்றொரு கேள்வி இருக்கிறது. அது எதிரியின் கேள்வியல்ல, நம்மவர் கேள்வி. நியாயமான கேள்வி. “மீனவன் மகனைக் கடலுக்கும், உப்பளத் தொழிலாளி மகளை உப்பளத்துக்கும் அழைத்துப் போவது என்றால், இது குலக்கல்விதானே? வாசல் வழியே விரட்டியதைச் சாளரம் வழியே வரவழைக்கிறீர்களா?”

கேட்க வேண்டிய கேள்வி. கேட்காவிட்டால் நாம் இந்த இயக்கத்தவர் அல்ல. 1953-ஆம் ஆண்டை மறக்க முடியுமா? ஆச்சாரியார் முதலமைச்சர். தொடக்கப் பள்ளியிலே படிக்கும் நேரம் பாதி; மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பிள்ளை கற்க வேண்டும் என்று திட்டம் வந்தது. கல்வி என்று அதற்குப் பெயர். கருத்தோ பிறப்பிலே போட்ட கோட்டைத் தாண்டாதே என்பது. பெரியார் எதிர்த்தார், அண்ணா எதிர்த்தார், அந்த ஆண்டிலே நடந்த மும்முனைப் போராட்டத்திலே ஒரு முனை இந்தக் குலக்கல்வி எதிர்ப்பு. 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று. அந்த வெற்றியின் விளைச்சலைத்தான் இன்று தமிழகத்துப் பள்ளிகளிலே காண்கிறோம்.

ஆகவே வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குலக்கல்வி, மீனவன் மகனை மட்டும் கடலுக்கு அனுப்பியது. வழக்குரைஞர் மகனை அனுப்பவில்லை. நாம் கேட்பது, மீனவன் மகனும், வழக்குரைஞர் மகளும், கடைக்காரர் பிள்ளையும், துறைமுகத் தொழிலாளி பிள்ளையும் ஒன்றாகக் கரைக்கு வரும் கல்வி. குலக்கல்வி பள்ளி நேரத்தை வெட்டியது. நாம் கேட்பது, பள்ளி நேரத்திலேயே, ஆசிரியர் துணையோடு நடக்கும் பாடம். குலக்கல்வி, வலையை இழு என்றது. நாம் கேட்பது, வலையிலே வந்தது என்ன, ஏன் வந்தது, நேற்று வந்தது இன்று ஏன் வரவில்லை என்று கேட்கச் சொல்லும் கல்வி. அந்தக் கல்வி கற்ற பிள்ளை படகோட்டலாம்; படகு கட்டும் பொறியாளராகலாம்; கடலாராய்ச்சி விஞ்ஞானியாகலாம்; கடலே வேண்டாமென்று கணக்காயராகலாம். கதவைத் திறந்து விடுவதுதான் கல்வி. எந்தக் கதவு வழியாகப் போவது என்பது பிள்ளையின் உரிமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டு தில்லி கொண்டுவந்த தேசியக் கல்விக் கொள்கையிலே, 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் ‘பையில்லா நாட்கள் 10’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்நாட்களிலே பிள்ளைகள் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் தொழிற் பயிற்சி பெறுவார்களாம். பை இல்லாமற் போவதிலே நமக்குப் பகையில்லை. பையோடு சேர்த்து அறிவியலையும் இறக்கி வைத்துவிட்டு, கைவேலையை மட்டும் கையிலே கொடுத்தால் அங்கேதான் ஐயம் பிறக்கிறது. குயவரிடம் போகட்டும் பிள்ளை. ஆனால் களிமண் சூளையிலே ஏன் கல்லாகிறது என்று சொல்ல ஆசிரியரும் கூடப் போகட்டும். அந்த ‘ஏன்’ இருந்தால் அது கல்வி. இல்லாவிட்டால் கூலியில்லா வேலை. 1976-ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்திலே, 42-ஆம் திருத்தத்தின் மூலம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலிலே போட்டார்களே, அதன் தீமை இதுதான். தருவைகுளத்துக் கரையிலே என்ன பாடம் நடக்க வேண்டும் என்பதைக் கடலே காணாத தலைநகரிலே உட்கார்ந்து எழுதுகிறார்கள்!

கரையிலே என்ன பாடம் இருக்கிறது? ஊரின் பெயரிலேயே தொடங்கலாம். தருவை என்றால், மழைநீர் பரந்து தேங்கும் தாழ்ந்த நிலம். கடலோரத்திலே உவர்நீருக்கு நடுவே நன்னீரைத் தாங்கும் நிலம். அந்தத் தாழ்நிலத்தை மேடாக்கிவிட்டால் கிணற்றுநீர் என்ன ஆகும்? இது ஒரு பாடம். மணல்மேட்டிலே படர்ந்து கிடக்கும் அடம்பங்கொடி. ஆட்டுக் குளம்பு போன்ற இலை, ஊதா நிறப் பூ. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துக்கு உரியதென்று பாடிய அதே கொடி. அதைப் பிடுங்கிவிட்டால் காற்றிலே மணல் பறக்கும், கரை கரையும். தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒரே கொடியின் முன்னே நின்று நடத்தக்கூடிய பாடம் இது.

உப்பளத்துக்குப் போங்கள். கதிரவன் காய்ச்ச, கடல்நீர் கட்டியாகிறது. பாத்தி பாத்தியாக நீரின் உப்பு ஏற ஏற, அதிலே வாழும் உயிர்களும் மாறுகின்றன. அங்கே வந்து நிற்கும் பூநாரைக்குச் செந்நிறம் எங்கிருந்து வந்தது? அது தின்னும் நுண்பாசியிலிருந்தும், உப்பு நீரிலே வாழும் சிற்றிறாலிலிருந்தும் வந்தது. அதே வெயிலிலே, அதே உப்பிலே, கால் வெடித்து நிற்கும் உப்பளத் தொழிலாளியையும் பிள்ளைகள் பார்க்கட்டும். பறவையின் நிறத்தைக் கற்கும்போதே, மனிதனின் பாட்டையும் கற்கட்டும். அந்த இரண்டையும் சேர்த்துக் கற்பிக்காத இயற்கைக் கல்வி, பணக்காரன் பூந்தோட்டத்துக்குத்தான் பயன்படும்.

முத்தின் கதையைச் சொல்லுங்கள். கொற்கை முத்து கடல் கடந்து போன பெருமையை மேடையிலே நாம் பலமுறை பேசியிருக்கிறோம். ஆனால் தூத்துக்குடிப் ‘பார்’களிலே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டு. பிறகு இல்லை. ஏன் இல்லை? பாரிலே சிப்பி ஏன் நிலைக்கவில்லை? இக்கேள்வியைப் பிள்ளை கேட்கட்டும். அந்தக் கதையிலே இன்னொரு பக்கமும் உண்டு: 1973-ஆம் ஆண்டு, தருவைகுளத்துக்கு அருகிலுள்ள வேப்பலோடையிலே, மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி என்னும் தமிழ் விஞ்ஞானி, சிப்பிக்குள்ளே கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார். இந்தியாவிலே வளர்ப்பு முத்து விளைந்தது இந்தக் கரையிலே! சப்பானியருக்கு மட்டுமே கைவந்த கலை என்று எண்ணியிருந்ததை இங்கே செய்து காட்டினார்கள். இந்தக் கரைப் பிள்ளைகளிலே எத்தனை பேருக்கு இது தெரியும்? கொற்கைப் பெருமை பழம்பெருமை. வேப்பலோடைப் பெருமை உழைப்பும் அறிவும் சேர்ந்து விளைத்த பெருமை. இரண்டையும் சொல்ல வேண்டும். இரண்டாவதை உரக்கச் சொல்ல வேண்டும்.

கரைப் பாடத்துக்கு ஆசிரியர் யார்? பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர். அவருக்கு அருகிலே, பட்டம் இல்லாத பேராசிரியர் ஒருவர்: நாற்பது ஆண்டு கடலோடிய மீனவர்! வாடை எப்போது திரும்பும், கொண்டல் எப்போது எழும், கச்சான் வீசினால் என்ன மீன் கரைப்பக்கம் வரும், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது, கரையிலே தெரியும் கோபுரத்தையும் பனையையும் நேர்பிடித்துக் கடலுக்குள்ளே இடம் காண்பது எப்படி — இவையெல்லாம் அவர் தலைக்குள்ளே இருக்கின்றன. எந்த நூலகத்திலும் இல்லை. அவரோடு அவை போய்விட்டால், ஏடு எரிந்ததற்கு ஒப்பு.

2019 செப்டம்பரிலே மன்னார் வளைகுடாவிலே கடல் பச்சையாயிற்று. மீன்கள் செத்து ஒதுங்கின. கடல் சீற்றம் என்றனர் சிலர்; சாபம் என்றுகூடச் சிலர் சொல்லியிருப்பர். கடலோடிகளோ அதற்குப் ‘பூங்கோரை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்பே பார்த்தவர்கள், எப்போது வரும், எப்படிப் போகும் என்று அறிந்தவர்கள். விஞ்ஞானிகள் அதை நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகியதன் விளைவு என்றனர். அது பெருகும் இடத்திலே நீரிலுள்ள உயிர்க்காற்று குறைகிறது, மீன் மூச்சு முட்டிச் சாகிறது என்று விளக்கினர். மீனவர் சொன்ன பெயரும், விஞ்ஞானி சொன்ன காரணமும் ஒரே கரையிலே, ஒரே பிள்ளையின் காதிலே விழ வேண்டும். அப்போது சாபத்துக்கு இடம் ஏது? பகுத்தறிவு என்பது மேடைப் பேச்சோடு முடிவதல்ல, தோழர்களே! கண்ணாலே பார், கையாலே தொடு, காரணம் கேள் என்பதுதான் அதன் முதற் பாடம். அந்தப் பாடத்துக்குக் கடற்கரையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

உயிர் காக்கும் பாடமும் அதுவே. 2004 டிசம்பர் 26. நாகை மாவட்டத்திலே மட்டும் 6000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன நாள். அதே நாளிலே, தாய்லாந்து நாட்டுப் புக்கெட் தீவிலே, டில்லி ஸ்மித் என்னும் 10 வயது ஆங்கிலச் சிறுமி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, “இது ஆழிப்பேரலை!” என்று கத்தினாள். இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பிலே அந்த அறிகுறியைப் படித்திருந்தாள். கரை காலியாயிற்று, ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். ஒரு வகுப்பு! ஒரே ஒரு வகுப்பு! கடலோரத்திலே பிறக்காத பிள்ளை, கற்ற ஒரு பாடத்தாலே நூறு உயிரைக் காத்தது. கடலோரத்திலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைக்கு அந்தப் பாடம் கிடைக்க வேண்டாமா?

அறிந்து வாழும் மக்களை ஏமாற்றுவதும் கடினம். எந்த ஆலைப் புகை ஏன் கண்ணை எரிக்கிறது, எந்தக் கழிவு எந்த ஓடையிலே கலக்கிறது என்று தூத்துக்குடி மக்கள் கேட்டதற்கு, 2018 மே 22-இல் துப்பாக்கி பதில் சொன்னது. 13 உயிர்கள் போயின. தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவும், கண்டதைக் குறித்து வைக்கவும், குறித்ததை அதிகாரியின் மேசைமீது வைக்கவும் தெரிந்த தலைமுறை எழ வேண்டும். இயற்கைக் கல்வி என்பது பூவையும் பறவையையும் ரசிக்கும் பொழுதுபோக்கன்று. ஏழையின் கையிலே ஆதாரத்தைக் கொடுக்கும் கருவி.

பாதுகாப்பு என்ற பெயரிலே நடந்ததையும் பார்க்க வேண்டும். தீவுகள் ஏன் தேய்ந்தன? சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளை ஆண்டாண்டாக வெட்டி எடுத்தார்கள். அலையின் வேகத்தைத் தடுக்கும் அரண் போயிற்று. தீவின் மணல் கரைந்தது. வெட்டிச் சுமந்தவன் கூலியாள், கொழுத்தவன் வேறொருவன். பிறகு சட்டம் வந்தது. 2001-இல் பவளம் பாதுகாக்கப்பட்ட உயிராயிற்று. தீவுக்குள் நுழையத் தடை வந்தது. தடை வேண்டியதுதான். ஆனால் தடியும் தண்டமும் காட்டப்பட்ட மக்களுக்குக் காரணம் சொல்லப்பட்டதா? பாட்டன் இறங்கிய தீவிலே பேரன் இறங்கக்கூடாது என்றால், ஏன் என்று பேரனுக்கு யார் சொல்வது? வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலிலே இறக்கினார்களே, அந்த வேலையைக் கரையோரப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்கினால், அவர்கள் அந்தத் தீவின் காவலர்களாக மாட்டார்களா? ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்கிறது சட்டம். அந்நாட்களிலே அடுப்பு எரிவது கடினம். மீன் இனம் பெருகும் காலம் அது என்பதைச் சினை மீனைக் காட்டி விளக்கினால், வீட்டிலே தகப்பனோடு பேசும் பிள்ளை அதிகாரியைவிட நன்றாகப் பேசும்.

நடக்கக்கூடியதா என்பீர். நடந்திருக்கிறது. சென்னைக் கடற்கரையிலே 1988 முதல், மாணவர்களே சேர்ந்து கட்டிய அமைப்பு, இரவெல்லாம் நடந்து கடலாமை முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலிலே விடுகிறது. தஞ்சை மாவட்டம் வெளிவயலிலே, ஓம்கார் அறக்கட்டளை, கடற்புல்லையும் கடற்பசுவையும் பற்றிக் கரையோரப் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறது. பாம்பனிலே 2016 முதல் மீனவ மக்களே நடத்தும் ‘கடல் ஓசை’ வானொலி, கடலைப் பற்றிக் கடலோடிகளின் மொழியிலே பேசியிருக்கிறது. இங்கிலாந்திலே, உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டிலேயே, பள்ளிப் பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்துச் செல்ல ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். குண்டு விழும் காலத்திலே அவர்களுக்கு இயன்றது, நமக்கு இயலாதா? ஆர்வலர் செய்வது விளக்கு. அரசு செய்தால்தான் விடியல்.

அறிவாளிகளுக்கும் பஞ்சமில்லை. தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது, 1977 முதல். கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கேயுள்ளோர் மாதம் ஒருமுறை பள்ளிக்கு வர, பேருந்துக் கட்டணம்தான் செலவு. சுற்றுச்சூழலைப் பாடமாக்கச் சொல்லி 1991-லேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பாடமும் ஆயிற்று. ஆனால் அது புத்தகத்திலே ஏறியது. பிள்ளையின் காலிலே மணல் ஒட்டவில்லை!

தடை எங்கே என்பதையும் ஒளிக்காமல் சொல்வோம். ஆசிரியருக்கு அச்சம். கடல்! அலை! ஐம்பது பிள்ளைகள்! ஒரு பிள்ளை கால் தவறினால் தலைமையாசிரியர் தலை உருளும். குற்றம் அவருடையதென்று எழுதத் தயாராக இருக்கும் அலுவலகம், துணைக்கு ஓர் ஆளை அனுப்பத் தயாராக இல்லை. அந்த அச்சத்தை ஆசிரியரின் சோம்பல் என்று ஏசுவது அநியாயம். பொறுப்பை அரசு தன் தோளிலே ஏற்றுக்கொண்டால், ஆசிரியர் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு புறப்படுவார்.

ஆகவே நாம் கேட்பவை இவை. கரையோர அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஒவ்வொன்றிலும் மாதம் ஒரு நாள் வெளிப்பாடம். பாட அட்டவணையிலேயே அது இடம்பெற வேண்டும். இருபது பிள்ளைக்கு ஒரு பெரியவர் துணை; முழங்காலுக்கு மேல் நீரில் இறங்காத கட்டுப்பாடு; காப்பீடு. பாடம் சொல்ல வரும் மீனவருக்கும், உப்பளத் தொழிலாளிக்கும், பனையேறிக்கும் மதிப்பூதியம். ஒரு நாள் வேலையை விட்டு வருபவருக்குத் துண்டு போர்த்தி அனுப்பிவிடக் கூடாது. பெண்பிள்ளைகள் ஒருவர் விடாமல் வர வேண்டும். கடல் ஆணுக்கு மட்டும் உரியதென்ற பழைய விலக்கு கரைப் பாடத்திலே உடையட்டும். மீன், பாசி, காற்று, நீரோட்டம் இவற்றுக்கு மக்கள் வழங்கும் பெயர்களைப் பிள்ளைகளே திரட்டி, பள்ளிதோறும் ஒரு குறிப்பேடு எழுதட்டும்.

செலவு என்பார்கள். 1920-இல் நீதிக்கட்சி ஆட்சி செய்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே சோறு போட்டபோதும் செலவு என்றார்கள். 1956-இல் எட்டயபுரத்திலே காமராசர் மதிய உணவு தொடங்கியபோதும், 1982-இல் சத்துணவு வந்தபோதும், 2022-இல் காலை உணவு வந்தபோதும் அதே கூக்குரல். வயிறு நிறைந்த பிள்ளை இன்று பள்ளியிலே உட்கார்ந்திருக்கிறது. இனி அதன் கண்ணுக்கும் கைக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும்.

கிளைத் தோழர்களே! தீர்மானம் மட்டும் போதாது. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவிலே இதைப் பேசுங்கள். தலைமையாசிரியரைக் குறை சொல்லப் போகாமல், துணை நிற்கப் போங்கள். பிள்ளைகளோடு நடக்க இரண்டு பேர் வருகிறோம் என்று சொல்லுங்கள். கடலோடிய முதியவரைக் கண்டு, ஒரு மணி நேரம் பேச வாருங்கள், ஐயா என்று அழையுங்கள். நமது சங்க அலுவலகச் சுவரிலே கரையின் வரைபடம் ஒன்று தொங்கட்டும். மூழ்கிய தீவையும் அதிலே குறித்து வையுங்கள்.

காரியாச்சல்லியும் மூழ்கிவிடுமா, மீளுமா? பொறியாளர் திட்டம் தீட்டுகிறார்கள்; பாறைகள் இறக்கப்படும்; பணம் செலவாகும். ஆனால் தருவைகுளத்துப் பிள்ளை ஒன்று, நாளை அதே திட்டத்தின் வரைபடத்தை விரித்து வைத்து, “இங்கே நீவாடு இப்படி இழுக்கும், பாறையை அங்கே போடுங்கள்” என்று சொல்லும் பொறியாளராக நிற்க வேண்டும். பிறந்த இடத்திலே கட்டிப்போடுவது குலக்கல்வி. பிறந்த இடத்தைக் காக்கும் ஆற்றலைக் கொடுப்பது நாம் கேட்கும் கல்வி. கதவைத் திறவுங்கள், கடல் பக்கத்திலேதான் இருக்கிறது!